மூலைமட்டம்

கண்டல்முனைக் கோயில் சதுரமில்லை.

நாடாவை இரண்டு தரம் பிடித்துப் பார்த்தோம்.
வடக்குச் சுவர் அறுபத்திரண்டு அடி மூன்று அங்குலம்.
தெற்கு அறுபத்தொன்று.
மூலைக்கு மூலை குறுக்கே பிடித்தால்
ஒன்றோடொன்று முகம் பார்க்காத இரண்டு எண்கள்.
பலிபீடத்தடியில் நின்று வாசலைப் பார்த்தேன்.
வாவி நடுவில் இல்லை.
பூசைக்குப் பிந்தி வந்தவனைப் போல
கதவு நிலையோடு ஒதுங்கி நிற்கிறது.

முந்நூறு வருடம் என்றார் தோணிக்காரர்.
நூற்றி நாற்பது என்கிறது படிக்கல்.
அதற்கு முன் கிடுகுக் கொட்டிலாம்,
கொட்டிலுக்கு முன்
வலை காயப்போட்ட இரண்டு கம்பு
தற்செயலாகக் குறுக்கே விழுந்ததாம்.
நான் படிக்கல்லை எழுதிக்கொண்டேன்.

திறப்பு எமரென்சியாவிடம்.
இறால் உரித்த கையைச் சட்டையில் துடைத்து,
திறப்பைத் திருகி, பிறகு தோளால் இடித்தார்.
"திறப்பு மரியாதைக்கு. தோள்தான் திறக்கும்.
மறுகா பூட்டக்குள்ள ஒருக்கா உதைக்கணும்."

சுவர் இரண்டடி கனம்.
முருகைக்கல், ஊரி சுட்ட சுண்ணாம்பு.
நகத்தால் கீறினால்
வேகாத சிப்பி ஒன்று மினுங்குகிறது.
பாடகர் மேடையின் பாலை வளையில்
பல்தசார் என்று உளியால் ஒரு பெயர்:
புளியந்தீவிலிருந்து வந்த பறங்கித் தச்சன்.
வரும் வழியில் தோணி சரிந்து
மூலைமட்டம் வாவிக்குள் போனதாம்,
கண்ணால் பார்த்தே கயிறு இழுத்தானாம்.
கதையோ என்னவோ,
நாடா அவன் பக்கம்தான் சாட்சி சொல்கிறது.

வடக்கே ஆறு யன்னல் வளைவு.
தெற்கே ஐந்து;
ஆறாவது செங்கல்லால் அடைத்துக் கிடக்கிறது.
"தொண்ணூறில அடைச்சது.
அந்தப் பக்கமாத்தான் வந்தது" என்றார்.
என்ன வந்தது என்று சொல்லவில்லை.
*செங்கல் அடைப்பு, மூன்றடிக்கு ஆறடி.*

ஏணி வைத்துக் கூரைக்குள் தலையை நீட்டினேன்.
வௌவால் எச்சம், பழைய மெழுகுத் திரி,
கிழக்குப் பாதியில் குதிரை முத்திரை ஓடு,
மங்களூரிலிருந்து கப்பலேறி வந்தது.
மேற்கில் எல்லாம் நட்சத்திரம்.
எழுபத்தெட்டுச் சூறாவளி
மேற்குக் கூரையை அப்படியே கழற்றி
வாவியில் வைத்துவிட்டுப் போன பிறகு போட்டது.
"நட்சத்திர ஓடு ஆர் தந்தது?"

எமரென்சியா பேசாமல் போய்
பூசை உடுப்பு அலுமாரியின் அடித்தட்டிலிருந்து
கணக்குக் கொப்பியை எடுத்துவந்தார்.
எழுபத்தொன்பது, தை மாதம்.
*ஓடு 1,140. உபயம்:*
அதற்குப் பிறகு நீல மை,
தாள் கிழியக் கிழிய உழுதிருந்தது.
எண்ணை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

தாளைத் திருப்பி விரலால் தடவினேன்.
எழுதிய பேனையும் அழுத்தித்தான் எழுதியிருக்கிறது.
மீராலெப்பை. அரிசி ஆலை. காத்தான்குடி.

"ஆர் வெட்டினது?"
"வெட்டின ஆளும் இல்ல, தந்த ஆளும் இல்ல.
என்ன மழை அடிச்சாலும்
அந்தப் பக்கம் ஒழுகிறல்ல."

குதிரைப் பக்கம்தான் ஒழுகுகிறது.
ஆனால் மதிப்பீடு முழுக் கூரைக்கும்:
ஓட்டைக் கழற்றி அமானோ தகரம்.
மேற்கில் உடைந்தது முப்பத்தொன்று,
மிச்சம் ஆயிரத்து நூற்றி ஒன்பது.
படிவத்தில் ஒரு கட்டம்: *தற்போதைய கூரை, வகை, மூலம்.*
மூலத்தில் அந்தப் பெயரை
ஊரோடு, ஆலையோடு, எழுத்துப் பிசகாமல் எழுதினேன்.
எமரென்சியா பார்த்துக்கொண்டிருந்தார்.
வேண்டாம் என்று சொல்லவில்லை.

கந்தோரில் கணினி
கோடுகளைத் தானாகவே தொண்ணூறு பாகைக்கு இழுக்கிறது.
நான் திரும்பத் திரும்பப் பின்னால் தள்ளி
பல்தசாரின் கண்ணுக்கு விடுகிறேன்.
பொறியியலாளர் பார்த்துவிட்டு,
"பிழையா அளந்திருக்கிறீர், மறுபடி போம்" என்றார்.

போகலாம்.
தோணி ஏறும்போது எமரென்சியா கேட்டது
இன்னும் கொப்பியில் ஏறாமல் இருக்கிறது:
"கழட்டின ஓட்டை எங்க கொண்டுபோய்க் குடுப்பீங்க?"